பல் சீராக்கல் கற்பித்தலும் ஆய்வும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பல் வைத்தியர்கள், மாணவர்கள், பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கற்பித்தலையும் ஆய்வையும் பற்றியவற்றுக்கு மட்டுமே இங்கே பதில். பிள்ளையின் பல்லைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் தயவுசெய்து நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கிளிநொச்சி, பல் மருத்துவ மாணவி: டொக்டர், புத்தகத்தில விசையை கிராமில போட்டிருக்கு. 30 கிராம் எண்டால் கைக்கு எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தரும் காட்டித் தரேல்ல. லீவில வீட்டில பழக வழி இருக்கோ?

இருக்கிறது. 1 கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிற்றல் தராசு ஒன்று போதும். 0.5 மில்லிமீற்றர் துருப்பிடியா உருக்குக் கம்பியில், உள்விட்டம் 3 மில்லிமீற்றர் வரும்படி ஒரு சுருள் சுற்றி, விரல் ஸ்பிரிங் (பல்லைத் தள்ளும் சிறு கம்பிச் சுருள்வில்) ஒன்று வளையுங்கள். அதன் வாலைப் பரிஸ் சாந்துக் கட்டியில் பதித்து, கட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனி தராசுத் தட்டைத் தொட்டதும் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 3 மில்லிமீற்றர் கீழே அழுத்தி, காட்டும் எண்ணை எழுதுங்கள். ஒற்றை வேர்ப் பல்லைச் சாய்த்து நகர்த்த 35 முதல் 60 கிராம் போதும். பல்லை வேரோடு சேர்த்து நிமிர்ந்தபடி நகர்த்த 70 முதல் 120. உள்ளே அமுக்க 10 முதல் 20 தான்.

அடுத்து அதே அளவில் 0.6, 0.7 கம்பிகளில் வளைத்துப் பாருங்கள். விசை கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், ஸ்பிரிங்கின் கை நீளத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். ஆகவே 0.6 இல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 0.7 இல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வரும். “0.5 முடிஞ்சுபோச்சு, கிடக்கிற கம்பியைப் போடுவம்” என்று லாபில் சொல்வதன் விலை இதுதான்.

மேல், கீழ்ப் பற்களுக்கிடையே நோயாளி மாட்டும் ரப்பர் வளையத்துக்குத் தராசும் வேண்டாம். 6.4 மில்லிமீற்றர், 3.5 அவுன்ஸ் (ஏறக்குறைய 100 கிராம்) என்று போட்ட வளையத்தில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் உள்ள பையைத் தொங்கவிடுங்கள். பெட்டியில் எழுதிய விசை, வளையம் தன் உள்விட்டத்தின் மூன்று மடங்குக்கு, அதாவது 19 மில்லிமீற்றருக்கு, இழுபடும்போது தருவது. ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்த வளையத்தையும் பக்கத்தில் தொங்கவிட்டால், தினமும் மாற்றச் சொல்வது ஏன் என்று நோயாளிக்கே விளங்கும்.

கற்பிப்பவர்களுக்கு: பயிற்சிக்கு முன்னும் பின்னும், எண்ணைப் பார்க்கவிடாமல் “30 கிராம் அழுத்து” என்று சொல்லி, எத்தனை கிராம் பிசகுகிறது என்று குறியுங்கள். “பாடம் பிடித்திருந்ததா” என்று படிவம் நிரப்புவதைவிட இது பத்து மடங்கு பெறுமதியான தரவு.

வவுனியா, பல் வைத்தியர்: மெழுகு டைப்போடொன்ட் (மெழுகில் பற்களைப் பதித்த பயிற்சி மாதிரி) வைத்துப் பயிற்றுவிப்பது இன்றைக்கும் பொருந்துமா?

பொறிமுறைக்குப் பொருந்தும், உயிரியலுக்குப் பொருந்தாது. 50 பாகை செல்சியஸ் அளவு தண்ணீரில் அமிழ்த்தினால் மெழுகு இளகி, கம்பி சொல்கிறபடி பல் நகரும். நங்கூரம் (அசையாமல் நிற்கவேண்டிய பற்களின் பிடி) எங்கே இழந்தோம், பல் எந்தப் பக்கம் சுழன்றது என்று கண்முன்னே தெரியும். (பங்குனி, சித்திரை வெயிலில் வாகனத்துக்குள் விட்டுப் போகாதீர்கள், நீங்கள் தொடாமலே பல் நகர்ந்திருக்கும்.)

பிழை எங்கே வருகிறதென்றால், மெழுகில் கூடுதல் விசை கொடுத்தால் பல் கெதியாக நகரும். எலும்பில் நேர்மாறு. விசை மிஞ்சினால் பல்லை எலும்போடு பிணைக்கும் இழையத்தின் இரத்த ஓட்டம் நின்று அந்த இடம் கண்ணாடிபோல் உயிரணுவற்றுப் போகும். எலும்பு பின்பக்கமிருந்து அரிக்கப்பட்டு அது அகலும்வரை பல் வாரக்கணக்கில் அசையாது. மாதத்துக்கு 1 மில்லிமீற்றர் என்பதே நல்ல வேகம். டைப்போடொன்ட் பாடம் முடிந்த அதே நாளில் இதைச் சொல்லாவிட்டால், மாணவர் கைக்குத் தப்பான பாடம் ஏறிவிடும்.

மல்லாவி, பாடசாலைப் பற்சிகிச்சையாளர்: நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறம். ஆரை அனுப்புறது?

அடிமட்டமும் விரலும் போதும். மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட 6 மில்லிமீற்றருக்கு மேல் முன்னுக்கு நின்றால் அனுப்புங்கள். 1989 இல் புரூக்கும் ஷோவும் வெளியிட்ட சிகிச்சைத் தேவைச் சுட்டெண்ணில் அது 4ஆம் தரம், 9ஐத் தாண்டினால் 5ஆம் தரம். அடுத்தடுத்த பற்களின் தொடுபுள்ளிகள் 4 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தாலும் 4ஆம் தரம். ஒரு பக்க முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் மற்றப் பக்கத்தது வராவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

பலர் தவறவிடுவது வேட்டைப் பல்லை (கோரைப் பல்). பத்து வயதில், மேல் வேட்டைப் பாற்பல்லின் வேருக்கு மேலே, உதட்டுப் பக்க முரசில் விரலை வைத்துத் தடவுங்கள். இரு பக்கமும் புடைப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மற்றது அண்ணப் பக்கம் திரும்பியிருக்கலாம். எரிக்சனும் குரோலும் 1988 இல் காட்டியது: அப்படிப்பட்ட 46 பற்களில் பாற்பல்லை மட்டும் நேரத்தோடு பிடுங்கியபோது 36 சரியான பாதைக்குத் திரும்பின. பதினைந்து வயதில் கண்டுபிடித்தால் அறுவைச்சிகிச்சையும் சங்கிலியும்தான்.

நெடுங்கேணி, பல் வைத்தியர்: பழுப்புக் கறை உள்ள பற்களில பிரக்கெற் (கம்பி மாட்டப் பல்லில ஒட்டுற சிறு தாங்கி) அடிக்கடி கழன்றுபோகுது. இதை ஆய்வாகச் செய்யலாமோ?

செய்யலாம், வன்னிக்கு ஏற்ற கேள்வி. உலர் வலயத்தில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டிய புளோரைட்டுள்ள கிணறுகள் உண்டு. புளோரைட்டு ஏறிய மிளிரியின் (எனாமல்) மேற்படை அமிலத்துக்கு இலேசில் கரையாது. வழமையான 37 வீதப் பொஸ்போரிக் அமிலம் 15 முதல் 30 செக்கன் வைத்தால், காய்ந்த பின் வரவேண்டிய சுண்ணாம்பு வெள்ளை வராமல் போகலாம். வராவிட்டால் பிரக்கெற்றை ஒட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆய்வுக்கு: ஒரே வாயின் வலப்பக்கம் ஒரு நேரம், இடப்பக்கம் இன்னொரு நேரம். எந்தப் பக்கம் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள், கைப்பழக்கத்துக்கு விடாதீர்கள். ஒவ்வொரு பல்லின் கறைத் தரத்தையும் ஒட்டுமுன் பதியுங்கள். கழன்ற திகதியோடு, பசை பல்லில் மிஞ்சியதா பிரக்கெற்றில் மிஞ்சியதா என்றும் குறியுங்கள். எல்லாம் பிரக்கெற்றோடு வந்தால் குறை மிளிரிப் பக்கம். அங்கே உமிழ்நீர் பட்டிருந்தாலும் அப்படித்தான் தெரியும், ஆகவே உலர்த்தும் முறை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வவுனியா, புள்ளிவிவரவியல் மாணவர்: இரண்டு பரிசோதகர்கள் 80 வீதம் ஒத்துப்போனால் போதாதா? ஏன் கப்பா (தற்செயல் ஒற்றுமையைக் கழித்த ஒத்துப்போதல் அளவு) கேட்கிறார்கள்?

30 பிள்ளைகள். ஒவ்வொரு பரிசோதகரும் மூன்று பேருக்குச் சிகிச்சை தேவை என்கிறார், ஆனால் அந்த மூவரும் வேறு வேறு ஆட்கள். மிச்சம் 24 பேரில் ஒத்துப்போகிறார்கள். ஆக 80 வீதம். தேவைப்படும் பிள்ளை ஒன்றில்கூட இருவரும் ஒத்துப்போகவில்லையே! தற்செயலாகவே 82 வீதம் ஒத்துவரும் என்பதால் கப்பா பூச்சியத்துக்குக் கீழே, −0.11. மில்லிமீற்றர் அளவுகளின் பிழைக்கு டால்பேர்க் சூத்திரம்: இரு தடவை அளந்த வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டி, 2n ஆல் (n என்பது இரு தடவை அளந்தவற்றின் எண்ணிக்கை) வகுத்து, வர்க்கமூலம். இரண்டாம் தடவை அளப்பதற்கு இரு வாரமாவது விடுங்கள், முதல் எண் மனதில் நிற்கும்.

முல்லைத்தீவு, பயிற்றுவிப்பாளர்: கம்பி வளைப்பை வீடியோவில் கற்பித்தால் நல்லதா, நேரில் காட்டினால் நல்லதா என்று ஒப்பிட விரும்புகிறேன்.

நேரத்தைச் சமமாக்குங்கள். வீடியோக் குழு திரும்பத் திரும்பப் பார்க்கும். பிறகு வித்தியாசம் வீடியோவாலா, கூடுதல் நேரத்தாலா என்று சொல்ல முடியாது. பாதி வகுப்பு ஆடம்ஸ் கொளுவியை (கழற்றும் சாதனத்தைக் கொடுப்புப் பல்லில் பிடிக்கும் கம்பி) வீடியோவிலும் உதட்டு வில்லை (முன்பற்களின் முன்னால் வரும் கம்பி) நேரிலும், மற்றப் பாதி மாறியும் படித்தால் ஒருவருக்கும் அநியாயமில்லை. பெயர் மறைத்து இலக்கமிட்ட கம்பிகளை, கற்பிக்காத இருவர் திருத்தட்டும். கொளுவிக்குப் பார்க்க வேண்டியவை: அம்புமுனைகள் கொடுப்புப் பல்லின் இரு பக்கக் குழிவிலும் பிடிக்கிறதா, பக்கத்துப் பல்லில் முட்டுகிறதா, பாலம் பல்லைத் தொடாமல் நிற்கிறதா, கடிக்கும்போது கை இடிக்கிறதா, குறட்டு வடு இருக்கிறதா. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைத்த கம்பி வாயில் முறியும், அதைத் தனியாகக் குறியுங்கள். அன்றைக்கே சோதித்துவிட்டு விடாமல் ஒரு மாதம் கழித்தும் சோதியுங்கள். மாணவர்கள் உங்கள் கையில் புள்ளி எதிர்பார்ப்பவர்கள், ஆகவே சம்மதத்தை வேறொருவர் வாங்கவேண்டும். ஒழுக்கநெறிக் குழு முதலில் கேட்பதும் அதைத்தான்.

மாங்குளம்: அல்ஜினேற் (பல் அச்செடுக்கிற கலவை) வாயில வைக்க முதலே இறுகிப்போகுது.

தண்ணீர் சூடு. தாங்கித் தண்ணீரை விட்டு, குளிரூட்டியில் வைத்த தண்ணீரோடு கலந்து 20 பாகை அளவுக்குக் கொண்டுவாருங்கள். எடுத்த அச்சில் 10, 15 நிமிடத்துக்குள் சாந்து ஊற்றுங்கள். முடியாவிட்டால் ஈரத் துணியால் மூடி, வாய் கட்டிய பைக்குள் வையுங்கள். தண்ணீருக்குள் போட்டால் ஊதிவிடும்.