ஓர் அரசியல் தலைவரைப் பற்றிய ராக் பாடல்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1980 இல் தமது மூன்றாவது தனி ஆல்பத்தின் கடைசிப் பாடலாக வைத்த ‘பீக்கோ’வைத்தான் சொல்வேன்.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தை முன்னின்று நடத்திய ஸ்டீவ் பீக்கோ, 1977 ஆகஸ்டில் கைதாகி, போர்ட் எலிசபெத் நகரில் காவல்துறை விசாரணையின்போது தலையில் படுகாயமுற்று, அந்த நிலையிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வண்டியில் கொண்டுசெல்லப்பட்டு, செப்டம்பர் 12 அன்று பிரிட்டோரியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. உண்ணாவிரதம் இருந்ததால்தான் இறந்தார் என்று அரசு முதலில் விளக்கம் சொன்னது.

இரங்கற்பா என்றாலே மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கமாக இருக்க, இந்தப் பாடலோ மாதம், ஆண்டு, ஊர், அன்றைய வானிலை, விசாரணை நடந்த 619 ஆம் எண் அறை என்று ஒரு காவல் நிலையக் குறிப்பேட்டைப் போலத் தொடங்குகிறது. கேப்ரியல் குரலை உயர்த்தாமல் பாடும் அந்த வரிகளில், அறைக்குள் நடந்தது எதையும் விவரிக்காததே எனக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது. கீழே சுர்தோ என்னும் பெரிய பிரேசில் முரசு ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருக்கிறது. பல்லவியில் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் ஆவியை இறங்கி வருமாறு அழைக்கும் இரண்டு சொற்கள் வருகின்றன. (சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியில் எழுப்பிய பேக்பைப் குழல் ஓசை மட்டும் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது.)

பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் பீக்கோவின் இறுதிச் சடங்கில் மக்கள் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. முடிவில் ஒலிக்கும் ‘சென்செனி நா’ என்பதற்கு ‘நாங்கள் என்ன செய்துவிட்டோம்’ என்று பொருள். இங்கிலாந்தில் இருந்துகொண்டு எழுதிய ஒருவர், பீக்கோவை இழந்தவர்களிடமே கடைசிச் சொல்லை விட்டுவிட்டது சரியான முடிவு என்று கருதுகிறேன்.

குறையும் உண்டு. ஒடுக்கப்பட்டவர் முதலில் தம் மனத்திலிருக்கும் தாழ்வுணர்வைக் களைய வேண்டும் என்ற பீக்கோவின் அடிப்படைக் கருத்துக்குப் பாடலில் இடமே இல்லை. அவருடைய மரணம் தெரிகிறது, சிந்தனை தெரியவில்லை. ஆனாலும் தென்னாப்பிரிக்க அரசு பாடலைத் தடை செய்தது.

மேடையில் இதை நிகழ்ச்சியின் கடைசிப் பாடலாகப் பாடும்போது, கேப்ரியல் பல்லவியைப் பார்வையாளர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவார். இசைக் கலைஞர்களும் ஒவ்வொருவராகச் சென்றுவிட, முரசும் கூட்டத்தின் குரலும் மட்டுமே மிஞ்சும்.