நேர்காணலுக்கு முன்பே தெரியுமா?

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றில் இணைப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்குப் போனேன். தேர்வுக் குழுவில் வெளி நிபுணராக இருந்தவரின் நூலை முன்பு ஓர் ஆய்விதழில் கடுமையாக விமர்சித்திருக்கிறேன். அவர் குழுவில் இருப்பது 2 நாள் முன்பே நண்பர் மூலம் தெரியவந்தது. நியாயமாக நடந்துகொள்வார் என்று நம்பிப் போனேன். ஏளனமாகவே கேள்வி கேட்டார். என்னைவிடக் குறைவான கட்டுரைகள் எழுதியவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நடுநிலை இல்லாத இந்தத் தேர்வை ரத்து செய்ய முடியுமா?

பதில்: கட்டுரைகளின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். யார் பெரிய அறிஞர் என்று கோர்ட் மார்க் போடாது. கல்வி நிபுணர்களின் முடிவில் எளிதில் தலையிட மாட்டோம் என்று மைசூர் பல்கலைக்கழகம் – கோவிந்தராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே படித்துக் காட்டுவார். ஏளனச் சிரிப்புக்கு ஆவணமும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கிற வரி ஒன்றுதான்: '2 நாள் முன்பே தெரியவந்தது'.

பாரபட்சம் பற்றிய சட்டம் உங்களுக்குச் சாதகம்போலத்தான் தெரியும். நிபுணர் மனதில் வன்மம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான ஐயம் எழுந்தாலே போதும். 1969-இல் தீர்ப்பான கிரைபக் வழக்கில், தேர்வுக் குழு உறுப்பினரான வன அதிகாரியே ஒரு விண்ணப்பதாரர். தன் பெயர் வந்தபோது விலகியிருந்தார், போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வு ரத்தானது. ஆனால் அவருக்கு அந்தப் பதவியே ஆதாயம். உங்கள் நிபுணருக்கு இருப்பது கருத்து வேறுபாடு. சிறிய துறையில் எல்லோரும் எல்லோரையும் ஒருமுறையாவது விமர்சித்திருப்பார்கள். அதையே பாரபட்சம் என்றால் குழு அமைக்கவே ஆள் கிடைக்காது. 'இவரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்க்கக் கூடாது' என்று அவர் எங்காவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், அது வேறு கதை.

அதைத் தாண்டினாலும் 1976-இன் சரணா வழக்கு குறுக்கே நிற்கிறது. லக்னோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டவர், குழுவில் இருந்த நிபுணர்கள் தனக்கு எதிரானவர்கள் என்று பின்னர் முறையிட்டார். ஆட்சேபிக்காமல் நேர்காணலுக்குப் போய் அதிர்ஷ்டத்தைச் சோதித்துவிட்டு, தோற்றபின் குறை சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 1957-இன் மாணக் லால் வழக்கு இன்னும் கொடுமை. ஒரு வக்கீல் மீதான விசாரணைக் குழுவின் தலைவர், முன்பு புகார்தாரருக்காகவே ஆஜரானவர். அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை நீதிமன்றமே ஏற்றது. ஆனாலும் அறிக்கை பாதகமாக வரும்வரை வக்கீல் வாயைத் திறக்கவில்லை என்பதால் வழக்கு தோற்றது.

இந்த இடத்தில்தான் என்னிடம் வருகிறவர்கள் குழியில் விழுகிறார்கள். 'பிறகுதான் தெரிந்தது என்று அஃபிடவிட்டில் (கோர்ட்டில் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தில்) போட்டுவிடலாமா சார்?' என்பார்கள். போடாதீர்கள். ஒருவர் என்னிடமே மறைத்துவிட்டு அப்படிப் போட்டார். நேர்காணலுக்கு முந்தைய இரவு தன் ஆய்வு வழிகாட்டிக்கு 'அந்த ஆள்தான் நிபுணராம், பார்ப்போம்' என்று வாட்ஸ்அப் அனுப்பியிருந்தார். அதன் ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பின் கவுன்டரோடு, அதாவது பதில் மனுவோடு, இணைப்பாக வந்தது. வேலை கிடைக்காதது ஒரு பக்கம், பொய்ச் சத்தியத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உங்களுக்குச் சொன்ன நண்பர் நாளைக்கு யார் பக்கம் நிற்பார் என்று உங்களுக்கே தெரியாது. நேர்காணல் முடிந்து நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அதுவும் வெளியே வரும்.

ஜெயித்தாலும் பதவி கையில் வராது. பெரும்பாலும் வேறு குழுவை வைத்து மறு நேர்காணல், அவ்வளவுதான். அதற்குள் தேர்வானவர் சில ஆண்டு சர்வீஸ் போட்டிருப்பார். அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். நாளை அதே துறையில் அவரோடு வேலை பார்க்க வேண்டியிருக்கலாம்.

தேர்வை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டாம் என்பதே என் கருத்து. பல்கலைக்கழகச் சட்டத்தில் வேந்தரிடம் முறையிட வழி இருந்தால், காலக்கெடுவுக்குள் உண்மையான தேதியோடு ஒரு மனு கொடுத்துவிட்டு அத்தோடு விடுங்கள். அடுத்த அறிவிப்பில் அதே நிபுணர் பெயர் காதில் விழுந்தால், அன்றைக்கே பதிவாளருக்கு மின்னஞ்சலில் ஆட்சேபம் அனுப்புங்கள். உங்கள் விமர்சனக் கட்டுரையின் நகலை இணையுங்கள். பதில் வராவிட்டாலும் நேர்காணலுக்குப் போகலாம், ஆனால் 'ஆட்சேபத்துக்கு உட்பட்டுக் கலந்துகொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.