ஹோம்ஸ் வேஷம்: லண்டன் தெருக் காட்சிக்கு எந்தத் தொப்பி?

வேஷப் போட்டியில் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸாக டியர்ஸ்டாக்கர் தொப்பி போடலாமா, நடுவர் ஆட்சேபிக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள்; ஹோம்ஸ் வசிக்கும் லண்டன் பேக்கர் தெருக் காட்சி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் டியர்ஸ்டாக்கர் வேண்டாம். கறுப்பு டாப் ஹேட் (உயரமான உருளைத் தொப்பி), முழங்கால் வரை இறங்கும் கறுப்பு கோட். உங்கள் நடுவர் ஆட்சேபித்தது சரிதான்.

முன்னும் பின்னும் விளிம்பு வைத்து, காதை மூடும் துணி மடல்களைத் தூக்கி உச்சியில் நாடாவால் கட்டும் அந்தத் தொப்பி, நாட்டுப்புறத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் போடுவது. அந்தக் கால லண்டன் கனவான் அதை மாட்டிக்கொண்டு நகரத் தெருவில் நடந்தால் சிரித்திருப்பார்கள்.

குழப்பம் அநேகமாகப் படங்களால் வந்தது. 1891-ல் ஸ்ட்ராண்ட் இதழில் ‘பாஸ்கோம் வேலி’ என்ற ஹோம்ஸ் கதைக்குப் படம் வரைந்த ஓவியர் சிட்னி பேஜட் இதை ஹோம்ஸின் தலையில் வைத்தார். கதாசிரியர் கானன் டாயில் எழுதியது தலையோடு ஒட்டிய துணித்தொப்பி, சாம்பல் நிறப் பயண அங்கி, அவ்வளவே.

பேஜட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள்: ரயில் பெட்டியில் டியர்ஸ்டாக்கர், ‘பாஸ்கர்வில்’ கதையின் ரீஜன்ட் தெருவில் டாப் ஹேட். நடுவரிடம் காட்ட இதுவே போதும்.

ஒன்று மட்டும்: போட்டி இல்லாமல் பள்ளி விழா என்றால் டியர்ஸ்டாக்கரே போடுங்கள். டாப் ஹேட்டோடு வந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் மேஜிக் ஷோ என்று நினைத்துவிடுவார்கள்.