காலைத் தூக்கிக்கொண்டு எழுதியது

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) மாணவர்களுக்குப் பாலினமும் பன்மைத்துவமும் என்ற தாளை நடத்துகிறேன். பருவம் முடிவதற்குள் எல்லோருக்கும் சரியான சொற்கள் வந்துவிடுகின்றன. தேர்வில் அழகாக எழுதுகிறார்கள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அதே பழைய கேலியைப் பேசிக்கொண்டு போகிறார்கள். ஒரு திருநங்கையை அழைத்து அவருடைய வாழ்க்கையைச் சொல்லவைத்தால் இவர்கள் மனம் மாறுமா? ஆண் மாணவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு வைக்கலாமா? இந்த மாற்றத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ம.

அன்புள்ள ம.,

போன வாரம் என் பழைய களப்பணி நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். மாணவர்களின் மனதை மாற்றும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தது? கேலி காதில் விழுந்தால் அங்கேயே கண்டியுங்கள், அவ்வளவுதான். மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டப் போனால் அவர்கள் நடிக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். இப்போதே கற்றுக்கொண்டுவிட்டார்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்களுக்குத் தனி வகுப்பு வேண்டாம். மதிப்பெண் உங்கள் துறைத்தலைவரின் தலைவலி.

நீங்கள் பார்க்க வேண்டியது அவர்களுடைய களப்பணிப் பதிவு. படியில் பேசியதை நாளைக்கு அவர்களே மறந்துவிடுவார்கள். கோப்பில் எழுதியது இருக்கும். அடுத்து வரும் அலுவலர் அதைப் படித்துவிட்டுத்தான் அந்த மனிதரின் முகத்தையே பார்ப்பார். ஒருபாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-இல். திருநர் அடையாளத்தை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே கொண்டுவந்த ஐசிடி-11, அந்த நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், நடைமுறைக்கு வந்தது 2022-இல்தான். அதுவரை கோப்புகளில் ‘கோளாறு’ என்று எழுதியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களா? பலர் பரிவானவர்கள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல்லை நல்ல கையெழுத்தில் எழுதினார்கள்.

என் கதைக்கு வருகிறேன். நானும் இரண்டு வருடம் சமூகப்பணி படித்தவன். முதல் வீட்டுச் சந்திப்பு. படுத்த படுக்கையாக இருந்த ஒரு முதிய பெண்மணி, அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேள்வி கேட்டேன். அவர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே பதில் சொன்னார். பிறகு தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “காலைக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா தம்பி?” என்றார். தூக்கிக்கொண்டேன். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க, அடுத்த கட்டத்தை நிரப்பினேன்: ‘தொழில்: இல்லை. வீட்டில் சும்மா இருக்கிறார்.’

எங்கள் மேற்பார்வையாளர் கறாரான அம்மா. நடந்ததை ஒன்றுவிடாமல், பேசியது பேசியபடி எழுதச் சொல்வார். நானும் கால் தூக்கியதுவரை எழுதியிருந்தேன். அவர் முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும் அருகருகே வைத்தார். ‘சும்மா’வைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். “இந்த வார்த்தையை எழுதும்போது உன் கால் எங்கே இருந்தது?” என்றார்.

பெண்ணியம் பற்றி நான் அதற்கு முன்பே பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம், ‘நோயாளியைக் கவனிப்பவர்’ என்று இன்னொரு கட்டம். இரண்டிலும் ஒரே ஆள் இருக்க முடியும் என்று படிவத்துக்குத் தெரியாது. நீதிமன்றமே அப்படி யோசித்திருக்கிறது. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில் 1976-இல் வந்த தீர்ப்பைப் பாருங்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, அதனால் பாலினப் பாகுபாடு இல்லையாம். கறுப்பினத்தவருக்கும் வேலை கொடுத்திருக்கிறது. வேலையில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள், வேலையில் இருந்த கறுப்பினத்தவர் ஆண்கள். வழக்குப் போட்ட ஐவரும் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இந்த வழக்கையும் வைத்துத்தான், இனமும் பாலினமும் ஒரே ஆளிடம் சேரும்போது நேரும் பாகுபாட்டைப் பற்றி, அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் தன் கட்டுரையை எழுதினார். உங்கள் மாணவர்கள் அவர் பெயரை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள். அவர்கள் நிரப்பிய படிவத்தில் அதே ஓட்டை இருக்கும், போய்ப் பாருங்கள். ‘குடும்பத் தலைவர்’ கட்டத்தில் வாசலில் முதலில் வந்து நின்ற ஆணின் பெயர் இருக்கும். ‘ஒத்துழைக்க மறுத்தார்’ என்று எழுதிய இடத்தில், அவர் எதற்குப் பயந்தார் என்று கேட்ட குறிப்பு இருக்காது. திருநம்பி ஒருவரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியதில் முதல் பக்கத்தில் ‘அவர்’, மூன்றாம் பக்கத்தில் ‘அவள்’. கை அசந்த இடத்தில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். நம் மொழியில் பால் தெரியாமல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கே கொஞ்சம் கவனம் வேண்டும் அல்லவா? வகுப்பில் நீங்கள் அறுபது நிமிடம் பேசுவதைவிட, ஒரு பதிவை நடுவில் வைத்து, ஒவ்வொரு வினைச்சொல்லாக இதை எதை வைத்து எழுதினாய் என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பு தானாக அடங்கும்.

திருநங்கையை அழைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். பட்ட துயரத்தைச் சொல்லவைத்து மாணவர்களை அழவைக்கத்தான் என்றால் அழைக்காதீர்கள். சமூகப்பணி படித்த திருநங்கைகள் இருக்கிறார்கள். அழைத்தால், பதிவு எழுதச் சொல்லிக்கொடுக்க அழையுங்கள். மற்ற விருந்தினருக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தையும் கொடுங்கள்.

மேற்பார்வையாளர் என்னை மறுபடி அந்த வீட்டுக்கு அனுப்பினார். இந்த முறை தயாராகப் போனேன். “நீங்க காலையிலிருந்து என்னென்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டேன். மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே, “நான் என்ன தம்பி, சும்மாதான் இருக்கேன்” என்றார்.

அதையும் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை மேற்கோள்குறி போட்டிருந்தேன். அந்த அம்மா வட்டமிடவில்லை.

அன்புடன்.