ஜிக்கிங் ராடு: கொத்து கைக்கு வரணும்

மும்பையில் ஞாயிற்றுக்கிழமை படகேறி ஜிக் (கொக்கி மாட்டிய, மீன் மாதிரியான உலோகத் தூண்டில் இரை) போடும் நம் ஆட்கள் கேட்டவை இவை, அவரவர் பகுதியின் பெயரோடு. ஆளுக்கு ஆள் கேள்வி மாறினாலும் கவலை ஒன்றுதான்: அடியில் மீன் தொட்டது மேலே கைக்குத் தெரியணும், அதற்கு எந்த ராடு (தூண்டில் கம்பு)?

தாராவி: அண்ணாச்சி, 40 டன் கார்பன் ராடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 30 டன் ராடு அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. டன் கூடினால் உணர்வும் கூடும்தானே?

கூடும். ஆனால் விலை கூடுகிற அளவுக்குக் கூடாது. டன் என்பது ராடு தாங்கும் எடை இல்லை, கார்பன் இழையின் விறைப்பு. சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கு. இழை விறைப்பாக இருந்தால் கொஞ்சம் இழையே போதும். ப்ளாங்கின் (ராடின் வெற்றுக் குழல்) சுவர் மெலியும், ராடு லேசாகும், அதிர்வு வழியில் தேயாமல் கைக்கு வரும். சங்கடமும் அந்த மெலிந்த சுவரில்தான். படகு ஆட்டத்தில் 150 கிராம் ஜிக் ஊசலாடி ப்ளாங்கில் ஒருமுறை 'டங்' என்று பட்டால் போதும். கீறல் கண்ணில் படாது, பிறகு ஒரு நல்ல மீன் இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில் ஒடியும்.

இன்னொன்று, '40 டன்' என்று அச்சடித்த ராடு நுனி முதல் அடி வரை 40 டன்னாக இருப்பது அபூர்வம். சில அடுக்குகள் மட்டும் அது, மிச்சம் 24, 30 என்று கலந்திருக்கும். அதனால் டன்னைப் பார்க்கும் முன் நுனியைப் பாருங்கள். நுனிக் கைடுகளில், அதாவது நரம்பு கோக்கும் வளையங்களில், ஏறும் ஒவ்வொரு கிராமும் அதிர்வைத் தின்னும். கனத்த கைடு கட்டிய 40 டன்னைவிட, சின்னதாக லேசான கைடு கட்டிய 30 டன் நன்றாகப் பேசும். புதிதாகப் படகேறுகிறவருக்கு என் ஓட்டு 30-க்குத்தான்.

ஆண்டாப் ஹில்: விலை கூடிய ராடுதான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஜிக் தரை தொடுவதே தெரியவில்லை. நைலான் தூண்டில் நரம்பு 0.40 மி.மீ. ராடு டூப்ளிகேட்டா?

ராடு நல்ல ராடாகவே இருக்கலாம். நரம்புதான் குற்றவாளி. நைலான் ரப்பர் மாதிரி நீளும். மீனின் கொத்து அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். ப்ரெய்டுக்கு மாறுங்கள், 8 இழைப் பின்னல், பிஇ (ப்ரெய்டின் தடிமனைச் சொல்லும் எண்) 1.5 அல்லது 2. அதிலும் 'தாங்கட்டுமே' என்று பிஇ 3 ஏற்றாதீர்கள். பிஇ 1.5 சுமார் 0.205 மி.மீ, பிஇ 3 சுமார் 0.285. கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல் தடிமன், அவ்வளவுக்கும் நீவாடு (கடல் நீரோட்டம்) பிடித்துத் தள்ளும். நரம்பு தண்ணீருக்குள் வில்லாக வளைந்துவிட்டால் எந்த ராடாலும் உணர முடியாது. நீங்கள் இழுப்பது வளைவைத்தான், ஜிக்கை அல்ல.

ப்ரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவே கட்டும் லீடர் நரம்பு ஃப்ளூரோகார்பன், 30 முதல் 40 எல்பி (பவுண்டு), ஒன்றரை மீட்டர். இரண்டு நரம்பையும் எஃப்ஜி என்கிற மெல்லிய முடிச்சால் இணைத்தால் கைடில் தட்டாமல் போகும்.

சயான் கோலிவாடா: அண்ணே, நாங்கள் போகும் இடம் 25 மீட்டர் ஆழம். ராடில் 'ஜிக் 60–180 கிராம்' என்று இருக்கிறது. ஸ்லோ பிட்சுக்குச் சரியா?

சரி, ஆனால் அந்த எண்ணை இப்படிப் படிக்கணும். 60-ல் ராடு தூங்கும், 180-ல் திணறும். 90 முதல் 130 வரைதான் அது உயிரோடு வேலை செய்யும் இடம். ஸ்லோ பிட்ச் என்பது ஜிக்கை நிதானமாக எத்தி விழவிடும் முறை, அதில் ஜிக்கைத் தூக்குவது உங்கள் கை இல்லை. ரீலை கால் சுற்றோ அரைச் சுற்றோ சுற்றினால் நுனி வளையும். அது நிமிரும் வேகம்தான் ஜிக்கை எத்திவிடும். எடை குறைந்தால் நுனி வளையாது. கூடினால் நிமிராது. இரண்டிலும் ஜிக் செத்துக் கிடக்கும்.

இனி எடைக் கணக்கு. ஆழத்தை மீட்டரில் எடுத்து 2-ஆல் பெருக்கித் தொடங்குங்கள்: 25 மீட்டருக்கு 50, 60 கிராம். இது நீவாடு இல்லாத நேரத்துக்கு. மும்பைக் கடலில் அப்படிப்பட்ட நேரம் கொஞ்சம்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உதாண் (பெரிய ஏற்றவற்றம்) நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், அதுவும் சுமார் 6 மணி நேரத்துக்குள். அந்த இழுப்பில் 100 கிராம் ஜிக்கே தரை தொடாமல் படகுக்குப் பின்னால் பட்டம் மாதிரி பறக்கும். 130, 150 தேவைப்படும். அஷ்டமியை ஒட்டி, கோளிக்காரர் (மும்பை மீனவர்) 'பாங்' என்கிற இழுப்புக் குறைந்த நாட்களில், 80 கிராமே செங்குத்தாக இறங்கும். ராடின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் அந்த நாளில், ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவேளையில் போடுங்கள். முதல் தடவையே உதாணில் போய்விட்டு ராடைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்குத் தடைக்காலம். அவசரப்பட்டு மே கடைசியில் வாங்க வேண்டாம்.

மாட்டுங்கா: சார், கடையில் தண்ணீர் இல்லை, மீன் இல்லை. ராடின் உணர்வை எப்படிச் சோதிப்பது?

உங்கள் ரீலை எடுத்துப் போங்கள், நரம்போடு. கூட ஒரு ஆள், பஞ்சு கொஞ்சம், 100 கிராம் ஜிக் ஒன்று.

ரீலை மாட்டி, ரீல் காலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் ராடை நிறுத்துங்கள். நுனி தொபுக்கென்று கீழே போனால் அரை நாளில் மணிக்கட்டு வலிக்கும், வலிக்கிற கைக்குக் கொத்து தெரியாது. 'அடியில் ஈயம் கட்டிக்கொள்ளலாம்' என்பார்கள். கட்டினால் சமநிலை வரும், நுனியின் கனம் அப்படியே இருக்கும், ஏமாற வேண்டாம்.

அடுத்தது தொண்டைச் சோதனை. நுனியைக் கூட வந்தவர் தன் தொண்டையில் மெல்ல வைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகட்டும். நீங்கள் கண்ணை மூடி ரீல் சீட்டை (ராடில் ரீல் பொருந்தும் இடம்) பிடியுங்கள், ஒரு விரல் ப்ளாங்கைத் தொட்டபடி. நல்ல ராடில் முனகல் உள்ளங்கையில் குறுகுறுக்கும். இரண்டு ராடை அடுத்தடுத்து இப்படிப் பார்த்தால் வித்தியாசம் தானாகத் தெரியும். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

பிறகு எல்லாக் கைடு வழியாகவும் நரம்பைக் கோத்து ஜிக்கைத் தொங்கவிட்டு, அரை அடி எத்தி நிறுத்துங்கள். நுனி ஒன்று, இரண்டு ஆட்டத்தில் அடங்கணும். நாலைந்து தடவை தலையாட்டினால், கடலில் மீனின் கொத்தும் ராடின் ஆட்டமும் ஒன்றோடொன்று குழம்பும். நுனியே ஆடாமல் கம்பாக நின்றால் அந்த ராடு அதைவிடக் கனத்த ஜிக்குக்கு.

கடைசியாக ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றி இழுங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் விரிசல், ப்ரெய்டை அறுத்துவிடும். அடிப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கைடுகள் ஒரே வரிசையா என்று கவனியுங்கள். ஆனால் ரீல் பக்கம் கைடுகள் ராடின் மேல்புறத்தில் தொடங்கி, நுனிக்குப் போகப் போகக் கீழ்ப்புறம் வரும்படி சுழற்றிக் கட்டிய ராடும் உண்டு. அது கோளாறு இல்லை.

செம்பூர்: ஸ்பின்னிங்கா (ராடுக்குக் கீழே தொங்கும் ரீல்), ஓவர்ஹெட்டா (ராடுக்கு மேலே உட்காரும் ரீல்)?

ஜிக்கை நேரே கீழே இறக்குவது மட்டும்தான் வேலை என்றால் ஓவர்ஹெட். பெரும்பாலான கொத்து ஜிக் விழும்போதுதான் வரும். ஸ்பூலில் (நரம்பு சுற்றிய உருளை) கட்டைவிரலை லேசாக வைத்திருந்தால் நரம்பு ஒரு நொடி நின்றது, அல்லது திடீரென்று தளர்ந்தது, உடனே தெரியும். தெரிந்ததும் ராடை வீசி அடிக்காதீர்கள், ரீலைச் சுற்றுங்கள். வீசியும் போடணும் என்றால் ஸ்பின்னிங், 4000 அல்லது 5000 அளவு ரீல். இறங்கும்போது சுட்டுவிரலால் நரம்பைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஒன்றுக்கான ராடில் மற்றதை மாட்டாதீர்கள். கைடு அளவே வேறு.

பாண்டுப்: நுனியிலிருந்து ஒரு அடியில் ஒடிந்துவிட்டது. மீன் வெறும் 3 கிலோ. கம்பெனிக் கோளாறுதானே?

மீன் படகோரம் வந்ததும் ராடை வானம் பார்க்கத் தூக்கினீர்களா? நுனியிலிருந்து ஒரு அடியில் ஒடிவதற்கு வழக்கமான காரணம் அதுதான். ராடை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் பாரம் முழுக்க மெலிந்த நுனியில் விழும், அடியில் இருக்கும் பலம் சும்மா நிற்கும். ஸ்லோ பிட்ச் ராடு மீனோடு மல்லுக்கட்ட வந்ததில்லை. மீன் மாட்டியதும் ராடைத் தாழ்த்தி நரம்பை நோக்கி நீட்டி, ரீலால் இழுக்கணும். ட்ராக் (நரம்பு வெளியே ஓடாமல் ரீல் பிடிக்கும் இறுக்கம்) நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஜிக் கல்லில் மாட்டினாலும் ராடால் பிடுங்காதீர்கள். நரம்பை ஒரு கட்டையில் சுற்றி, படகை நகர்த்தி இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் ப்ரெய்டு விரலை அறுக்கும்.

வாஷி: மொத்தமே 9000 ரூபாய்தான் அண்ணா.

ராடுக்கு 3500, ரீலுக்கு 3000, ப்ரெய்டுக்கும் லீடருக்கும் 1500, மீதி ஜிக்குக்கு. அந்த விலையில் பெரும்பாலும் கார்பனும் கண்ணாடி இழையும் கலந்த ராடுதான் அமையும். கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். பதிலுக்குச் சுலபத்தில் ஒடியாது. அதில் நல்ல ப்ரெய்டு ஏற்றியவர், விலை கூடிய ராடில் மட்ட நரம்பு ஏற்றியவரைவிட அதிகம் கொத்து உணர்வார். ராடில் மிச்சம் பிடியுங்கள், நரம்பில் வேண்டாம்.

முலுண்ட்: கைப்பிடி கார்க்கா, ஈவிஏ நுரையா? அப்புறம், லோக்கல் ட்ரெயினில் ராடு கொண்டுபோகலாமா?

கைப்பிடி எதுவானாலும் சரி, விரல் ப்ளாங்கைத் தொடும்படி ரீல் சீட்டில் திறப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ட்ரெயினுக்கு இரண்டு துண்டு ராடாக வாங்கி, குழாயில் போட்டு, நெரிசல் இல்லாத முதல் வண்டியில் போங்கள். ஜிக்கைக் கழற்றித் தனிப் பையில் வையுங்கள். ராடைப் பொருத்துவதெல்லாம் படகில் ஏறிய பிறகு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பிளாட்பாரத்தில் தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். நடைமேம்பாலத்தில் 7 அடி ராடைத் தோளில் நெட்டுக்குத்தாகச் சாய்த்துக்கொண்டு நடக்கிற வேலை மட்டும் வேண்டாம். கடலில் இடி கேட்டாலும் அதே கதைதான், ராடைக் கிடத்திவிடுங்கள்.