பாக்கெட் பழச்சாறும் அதை வாங்கும் குடும்பங்களும்: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் குடும்பங்கள் பாக்கெட் பழச்சாற்றை யாருக்காக, எப்போது வாங்குகின்றன என்பதை ஆராய்ந்துவரும் மனையியல் பேராசிரியை, அம்மாவட்ட மக்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

காட்பாடி, முதுகலை மாணவி: அம்மா, என் ஆய்வேட்டுக்காக நூறு வீடுகளில் "வாரத்துக்கு எத்தனை முறை ஜூஸ் வாங்குகிறீர்கள்?" என்று கேட்கவிருக்கிறேன். இது போதுமா?

போதாது, அம்மா. அந்தக் கேள்விக்கு ஒரு வீட்டில் மாம்பழ பானத்தையும், அடுத்த வீட்டில் கடையில் பிழிந்து வாங்கிய சாத்துக்குடிச் சாற்றையும், மற்றொரு வீட்டில் தண்ணீரில் கரைக்கும் பொடியையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்கள். நீங்கள் மூன்றையும் ஒரே கட்டத்தில் குறித்துக்கொண்டு வருவீர்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, எது வாங்கப்பட்டது என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "வழக்கமாக" என்று கேட்காமல், கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். வீட்டார் சம்மதித்தால் அந்த வாரத்து உறைகளை ஒரு பையில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எதைக் குடிக்கிறோம் என்று சொல்லும்போது எவரும் தம் குடும்பத்தைச் சற்று நல்லவிதமாகவே காட்ட விரும்புவார்கள். உறைகளுக்கு அந்த விருப்பம் இல்லை.

இதைவிட முக்கியம், வாங்குபவரும் குடிப்பவரும் ஒருவரே என்று எண்ணிவிடாதிருப்பது. நம் வேலூர் மருத்துவமனை நகரம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வாசலில் வாங்கும் ஒரு லிட்டர் பெட்டி அவருடைய வீட்டுக் கணக்கில் வராது. நோயாளியின் வீட்டாரும் அதை வாங்கியதாகச் சொல்லமாட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் ரமலான் நோன்பு மாதத்தில் கேட்பதும் மற்ற மாதங்களில் கேட்பதும் ஒன்றாகா. பள்ளிக்கு அருகில் பிள்ளைகள் தாமே வாங்கும் பத்து ரூபாய்ப் பாக்கெட் தாய்க்குத் தெரியாமலே போகும். பிள்ளைகளிடம் கேட்பதற்கு முன் பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

சத்துவாச்சாரி, இல்லத்தரசி: ஆறு வயது மகளுக்குத் தினமும் ஒரு பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன். எந்த பிராண்ட் நல்லது?

பிராண்டைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடையில் மிகுந்தது முதலாக வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தண்ணீர், சர்க்கரை, அதன் பிறகே பழக்கூழ் என்றிருந்தால், அந்த வரிசையே உங்களுக்கு விடை. சேர்த்த சர்க்கரை 100 மி.லி.க்கு 13 கிராம் என்றிருந்தால் 200 மி.லி. பாக்கெட்டில் 26 கிராம் ஆகிறது. நம் நாட்டு லேபிள் விதிகள் ஒரு நாளைக்குக் கணக்கிடும் 50 கிராமில் அது பாதிக்கும் மேல். அந்த 50 கிராமும் 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கான அளவு. சர்க்கரை சேர்க்காத சாறு என்றாலும், அதிலுள்ள இனிப்பையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரையாகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல், ஒரு வயது நிறையும் வரை பழச்சாறே வேண்டாம் என்றும், 4 முதல் 6 வயதுவரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 முதல் 180 மி.லி. வரை போதும் என்றும் கூறியது. அது கலப்பில்லாத சாற்றுக்கான உச்ச அளவு. தண்ணீரும் சர்க்கரையும் கலந்த மாம்பழ பானத்துக்கு உரியதன்று. ஒரு கொய்யாப்பழமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள்.

ஆற்காடு: "100 சதவீதப் பழச்சாறு" என்ற வாசகத்தை நம்பலாமா?

நீரை வற்றவைத்துச் செறிவாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து மீண்டும் தயாரிக்கும் சாறுகளின் லேபிளிலும் விளம்பரத்திலும் அந்த வாசகம் இருக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்தால் "இனிப்பூட்டப்பட்ட சாறு" என்று எழுதவேண்டும் என்பதையும் அப்போது நினைவூட்டியது. முகப்பில் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள்.

வாலாஜா: எந்த பிராண்ட் வாங்கலாம்?

சத்துவாச்சாரி சகோதரிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

திருப்பத்தூர்: ஆறு மாதம் கெடாமல் இருக்கிறதே, மருந்து கலக்கிறார்களா?

அட்டைப் பெட்டிக்கு அது தேவையில்லை. சாற்றைச் சில நொடிகள் மிகுந்த வெப்பத்தில் சூடாக்கி, குளிரவைத்து, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். கெடாமல் காக்கும் பொருள் ஏதாவது சேர்க்கப்பட்டிருந்தால் 211, 202 போன்ற எண்கள் பின்பக்கத்தில் இருக்கும்.

குடியாத்தம், மாந்தோப்பு விவசாயி: எங்கள் பெங்களூரா ரக மாங்காய் சித்தூர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குத்தான் போகிறது. மாம்பழ பானத்தை வாங்காதீர்கள் என்று நீங்கள் எல்லோருக்கும் சொன்னால் எங்கள் கதி என்ன?

ஐயா, உங்கள் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் சொல்லவேண்டும். பழ பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும் என்பது விதி. எலுமிச்சை பானத்துக்கு 5 சதவீதம். ஒரு கிலோ மாம்பழத்தில் ஏறத்தாழ பாதி கூழாகிறது என்று கொண்டால், அந்த அரைக் கிலோ கூழிலிருந்து 10 சதவீதக் கணக்கில் ஐந்து லிட்டர் பானம் வரும். அதாவது 200 மி.லி. பாக்கெட் இருபத்தைந்து. 2025இல் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தரும் என்றது. அந்த 12 ரூபாயையே எடுத்துக்கொண்டாலும் ஒரு பாக்கெட்டில் உங்கள் பழத்தின் பங்கு 50 காசைத் தொடவில்லை. பானம் குடிப்பது பெருகினாலும் தோப்புக்குச் சேருவது இவ்வளவுதான். பழத்தின் அளவை 20 சதவீதமாக்கினால், அதே எண்ணிக்கைப் பாக்கெட்டுக்கு இருமடங்கு மாம்பழம் வேண்டியிருக்கும். குழந்தைகளின் நலனும் உங்கள் நலனும் இந்த இடத்தில் ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேரணாம்பட்டு, கடைக்காரர்: பழத்தைக் கூட்டினால் விலை ஏறும். பத்து ரூபாய்க்கு மேல் பிள்ளைகள் வாங்கமாட்டார்கள்.

பழத்தின் விலை மட்டும் இன்னும் 50 காசுக்குள்தான் கூடும். கூழாக்கும் செலவு தனி. ஆனால் வாங்குவார்களா என்பதை நீங்களும் நானும் வாதிட்டு முடிவுசெய்ய இயலாது. "கூடுதல் விலை தருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். பழம் மிகுந்ததையும் குறைந்ததையும் அதனதன் விலையோடு அருகருகே வைத்து, ஒரு மாதம் எது நகர்ந்தது என்று உங்கள் கடையிலேயே குறித்துவாருங்கள். அது பல ஆய்வேடுகளைவிட மதிப்புள்ள தரவு.

அரக்கோணம்: சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

சோளிங்கர்: குழந்தைகளுக்கு நல்ல பிராண்ட் ஒன்றைச் சொல்லுங்களேன்.

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: பின்பக்கம்.

குடியாத்தம் விவசாயி மீண்டும்: நீங்கள் சொன்ன கணக்கை எங்கள் ஊரில் நாங்களே எடுக்க முடியுமா?

கட்டாயம் முடியும், ஐயா. ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேதி, ரகம், ஆலை கழித்த எடை, கையில் வந்த தொகை, பணம் வந்த நாள் ஆகிய ஐந்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலரும் அதே முறையில் எழுதினால், சீசன் முடிந்ததும் அனுப்புங்கள். அதே மாதங்களில் கடைகளில் நான் குறித்த பாக்கெட் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தருகிறேன்.