பச்சை ஸ்மூதிக்கு கேல் எதற்கு, முருங்கை இருக்கும்போது?

கேள்வி: நான் 36 வயதுப் பெண். தண்டையார்பேட்டையில் வீடு, பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. நாலைந்து மாதமாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. முகம் வெளிறிக் கிடக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யூடியூபில் பார்த்து, பாலக்கைப் பச்சையாகப் பாலில் அரைத்து இரண்டு வாரம் வெறும் வயிற்றில் குடித்தேன். வயிறு உப்பியதுதான் மிச்சம். கேல் என்கிற வெளிநாட்டுக் கீரை, பட்டர் ஃப்ரூட், பாதாம் பால் எல்லாம் போட்டால்தான் பலன் கிடைக்குமா? அதெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. இங்கே கிடைப்பதை வைத்து எப்படிச் செய்வது?

பதில்: ஸ்மூதி இருக்கட்டும், முதலில் அந்த மூச்சு வாங்குவதைப் பார்ப்போம். வெளிறிய முகம், முடி கொட்டுதல், படியேறினால் இளைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு உடனே ரத்தச்சோகைதான் நினைவுக்கு வரும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. பாதிக்கு மேல்! அதனால் இந்த வாரமே உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை. டாக்டரிடம் கேட்டு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகி முடி கொட்டுகிறவர்கள் உண்டு. மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, மணிக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

இப்போது உங்கள் பாலக் பாலுக்கு வருவோம். சத்தான இரண்டு பொருளை எடுத்து, ஒன்றையொன்று கெடுக்கும்படி சேர்த்துவிட்டீர்கள். பாலக்கில் ஆக்சலேட் என்கிற வேதிப்பொருள் அதிகம். அது பாலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கால்சியமோ கீரையின் இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். போதாக்குறைக்குப் பச்சைக் கீரை. கழுவினாலும் மண்ணும் கிருமியும் முழுசாகப் போய்விடும் என்று நம்ப முடியாது, லாரித் தண்ணீரை அளந்து செலவழிக்கிற வீடுகளில் கேட்கவே வேண்டாம். வயிறு உப்பாமல் என்ன செய்யும்?

கேல் வேண்டாம், நம் முருங்கை போதும். நூறு கிராம் முருங்கை இலையில் சுமார் நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, கால்சியமும், உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டீனும் தாராளம். பாலக்கோடு ஒப்பிட்டால் கரையும் ஆக்சலேட் குறைவு. தெருவில் யார் வீட்டிலாவது ஒரு மரம் நிற்கும், இல்லாவிட்டால் காலையில் வருகிற கீரைக்கார அம்மாவிடம் சொல்லி வைத்தால் மறுநாள் கொண்டுவந்துவிடுவார்.

ஒருவருக்கான அளவு இது. காம்பில்லாமல் உருவிய முருங்கை இலை ஒரு கைப்பிடி. காம்பு விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். முதல் தடவை நான் அவசரத்தில் ஈர்க்கோடு போட்டு அரைத்தேன். அது மிக்ஸி பிளேடில் நாராகச் சுற்றிக்கொண்டு, அரை மணி நேரம் ஊக்கால் நோண்டி எடுத்தேன். இலையை அகலமான பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பாத்திரத்தின் அடியை விரலால் தேய்த்துப் பார்த்தால் நறநறக்கக் கூடாது. பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டே நிமிடம் போட்டு, வடித்தெடுத்து, ஆற வைத்த குடிநீரில் முக்கினால் பச்சை நிறம் மாறாது. வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கு ஆகும். (என்றைக்காவது பாலக் போட்டால் மட்டும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதன் ஆக்சலேட் அதில் இறங்கியிருக்கும்.)

ஜாரில் முதலில் இலையும் கால் டம்ளர் தண்ணீரும் மட்டும் போட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் இலை திப்பிதிப்பியாக நிற்கும். அப்புறம் விதை நீக்கிய கொய்யா பாதி, கொட்டை நீக்கிய பெரிய நெல்லிக்காய் பாதி, வாழைப்பழம் பாதி, தேங்காய்ப் பத்தை இரண்டு, நாலு புதினா இலை, சுண்டுவிரல் நகம் அளவு இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து இன்னொரு சுற்று. வடிகட்டாமல் உடனே குடியுங்கள். சர்க்கரையும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

இதில் நெல்லிக்காயையும் கொய்யாவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். கீரையின் இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் கொஞ்சமாவது இறங்கும். தோலை உறுதியாக வைக்கிற கொலாஜன் உருவாகவும் அதே வைட்டமின் சி வேண்டும். தேங்காய் ருசிக்கு மட்டுமல்ல. கரோட்டீன் உள்ளே போகக் கொழுப்பு வேண்டும், பட்டர் ஃப்ரூட் செய்கிற வேலையை அந்த இரண்டு பத்தை செய்துவிடும்.

ஆனால் கணக்கு பார்க்கிறவர் நீங்கள், இதையும் பாருங்கள். ஒரு கைப்பிடி இலை இருபது கிராம் தேறினால் அதில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட வராது. இந்தியப் பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம். ஆகவே இந்த டம்ளர் ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். ரத்தச்சோகை உறுதியானால் டாக்டர் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள். "உடம்பில் உள்ள நச்சை எல்லாம் வெளியேற்றும்" என்று சொல்கிறார்களே, அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் இருக்கின்றன. அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் இரண்டு நாள் காசிமேட்டு மீனோ, மாதத்தில் ஓரிரு முறை ஆட்டு ஈரலோ சேருங்கள். மீன், இறைச்சியின் இரும்பு கீரையின் இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்கட்டும்.

வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இட்லியோடு குடிக்கலாம், அல்லது பதினோரு மணிக்கு. வாரம் நாலு நாள் போதும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாழைப்பழத்தை எடுத்துவிடலாம். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் ஒரு மணி நேரமாவது விட்டுக் குடியுங்கள்.

முடி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். குறை சரியான பிறகும் கொட்டுவது அடங்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முடி கொட்டத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் டெங்கு, டைஃபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், முடி கொட்ட அதுவே காரணமாக இருக்கலாம்.

கடைசியாக டீ. அலுவலகத்துக்குப் போனதும் குடிக்கிற முதல் டீயைத்தான் சொல்கிறேன். டீயில் உள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கும் இந்த டம்ளருக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்று அப்போது பார்க்கலாம்.